வாழைத் தோப்பில் புதைத்த மஞ்சள்தூள் டப்பா

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் மாப்பிள்ளையை யாராவது வீட்டோடு கட்டிப்போட்டு வைக்க வேண்டும். அந்த நாட்களில்தான் அவனுக்கு யோசனைகள் வரும். எனக்கு வந்த யோசனையின் பெயர் ஜியோகேச்சிங்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் ஒரு டப்பாவில் சின்னச் சின்னப் பொருட்களைப் போட்டு ஊருக்கு வெளியே எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தை ஃபோன் காட்டும். மற்றவர்கள் காடு மேடெல்லாம் நடந்துபோய்த் தேடி எடுப்பார்கள். வெளிநாட்டில் ஒரு ஜோடி கைகோத்துக்கொண்டு இப்படித் தேடுவதை வீடியோவில் பார்த்தேன். நான் கட்டிக்கொள்ளப் போகிற அகிலாவுக்கும் காலை நடை என்றால் உயிர். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம் அவள் அப்பாவின் வாழைத் தோப்பு வரை தினமும் நடப்பாள். பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜியைத் தவிர வேறெதைப் பற்றியும் நான் பேசவில்லை. நானும் ரசனையுள்ள ஆள்தான் என்று காட்ட இதை விட்டால் வழியில்லை என்று தோன்றியது.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் சமையலறையில் காலியாகக் கிடந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுத்தேன். (கழுவினேன். கழுவியதாகத்தான் நினைத்தேன்.) உள்ளே ஒரு பிளாஸ்டிக் பொம்மை. பரிசு யாருக்கு என்று தெரிய வேண்டாமா? ஒரு சீட்டில் ‘அகிலா’ என்று எழுதி, பொம்மையின் நெஞ்சில் குண்டூசியால் குத்தினேன். டப்பாவை அம்மாவின் சிவப்பு ரவிக்கைத் துணியில் சுற்றி, சனிக்கிழமை சாயங்காலம் தோப்பின் வேலியோரம் வேப்பமரத்தடியில் பாதி புதைத்துவிட்டு வந்தேன். அது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அகிலாவின் ஃபோனுக்கு, ‘ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருக்கேன், தேடி எடுங்க’ என்று இடத்தை அனுப்பிவிட்டு, அவள் முகம் மலர்வதைப் பார்க்க முன்கூட்டியே போனேன். தோப்பில் ஒரே கூட்டம். தண்ணீர் பாய்ச்ச வந்தவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அலறியிருக்கிறார். வாழையிலையில் என் பொம்மை படுத்திருந்தது, உடம்பெல்லாம் மஞ்சளாக, நெஞ்சில் ஊசியோடு. பக்கத்தில், சமயபுரம் பக்கமிருந்து அவசரமாக அழைத்து வந்த ஒரு பூசாரி. என் வருங்கால மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எம் பொண்ணு பேரைப் போட்டு செய்வினை வச்சிருக்காங்க மாப்பிள்ளை. எவன்னு தெரியாம கல்யாணப் பேச்சே வேணாங்க” என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வைத்தவன் கையை உடைக்காமல் விடமாட்டேன் என்று சூளுரைத்தேன். வைத்தவன் எப்படியும் இந்த இடத்துக்கே வந்து பார்ப்பான் என்று பூசாரி சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழியை விட்டு மெல்ல நாலடி தள்ளி நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாழைகளுக்கு நடுவே அகிலா வந்தாள். ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே குழியருகே வந்து நின்று, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“இங்கதான் காட்டுது. நீங்க ஒளிச்சு வச்ச டப்பா எங்கங்க?”

மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. கொள்ளிடத்தில் தண்ணீர் இருந்திருந்தால் குதித்திருப்பேன். (அதிலும் மணல்தான் கிடந்தது.) திக்கித் திணறி விளையாட்டை விளக்கினேன். மாமனார் பொறுமையாகக் கேட்டார்.

“சரி, தேடி எடுத்து?”

“பார்த்துட்டு, திரும்ப அங்கேயே ஒளிச்சு வச்சிருவாங்க மாமா.”

“எதுக்கு?”

“அடுத்து வர்றவங்க தேடறதுக்கு மாமா” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று தெரிந்துவிட்டது. அகிலா பொம்மையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, செய்வினை வைக்கறதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும்ப்பா. இவரைப் பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். பூசாரி வரை தலையாட்டினார். இருந்தாலும் திருஷ்டி கழியட்டும் என்று பூசணிக்காயை என்னையே உடைக்கச் சொன்னார்கள். ஓங்கிப் போட்டேன். உடையாமல் உருண்டு போனது. மாமனாருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

கல்யாணம் நடந்தது. முகூர்த்த நேரத்தில் தாலி இருந்த பெட்டியை மாமனார் வாங்கித் திறந்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். இப்போதும் அவர் வீட்டுக்குப் போகும்போது அகிலாவுக்காக ஏதாவது பொட்டலத்தை நான் நீட்டினால், அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

“அப்பா, ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாங்க. உங்க மாப்பிள்ளை ஆசையா ஏதோ வாங்கிட்டு வந்திருக்காரு.”