கோமளவல்லியின் ஒற்றை வரி

ஒரு காட்டில், கூடு கட்டுவது தவிர மற்ற எல்லாமே கணினிமயமாகிவிட்டது. குளத்தின் இரண்டு மதகுகளைத் திறந்து மூடுவதைக்கூட ஒரு நிரல்தான் பார்த்துக்கொண்டது. எல்லா மிருகங்களும் சேர்ந்து எழுதிய நிரல் என்பதால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது.

தெற்கு மதகுக்குக் கீழே கோமளவல்லி என்ற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு வளையில் குடியிருந்தது. வாரம் ஒருமுறை கணினி உறைந்துபோகும். மதகு திறந்தபடியே நிற்கும். தண்ணீர் நேராக வளைக்குள் வரும். யாராவது கணினியை அணைத்துத் திரும்பப் போடுவார்கள். "அதான் சரியாயிடுதே" என்பார்கள் மேட்டில் இருந்தவர்கள்.

மூன்றாவது முறை குட்டிகளைக் கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது கோமளவல்லிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நிரலைத் தானே திறந்து படித்தது. மதகு நிரல் ஒவ்வொரு வேலைக்கும் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் வாங்கும். முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பித் தரும். நடுவில் ஏதாவது தவறினால் மட்டும், பாயசம் இல்லையென்றதும் இலையை எடுக்காமல் கோபித்துக்கொண்டு போகிறவர் மாதிரி போய்விடும். இப்படியே இடமெல்லாம் தீர்ந்துதான் கணினி உறைந்தது.

'போகும் முன் இடத்தைத் திருப்பிக் கொடு' என்று ஒரே ஒரு வரி சேர்த்து, ஆமை அம்பலவாணருக்கு அனுப்பியது. அவர் பார்த்துச் சரியென்றால்தான் எந்தத் திருத்தமும் நிரலில் ஏறும்.

"ஒரு வரிதானே, உடனே பாத்துடலாம்" என்றார் ஆமை. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "திருத்தத்தோட தலைப்பு நீளமா இருக்கேம்மா."

சுருக்கியது. "இப்ப என்ன விஷயம்னே புரியலையே. அப்புறம், இதே தப்பு இன்னும் மூணு இடத்துல இருக்கு. அதை ஏன் விட்டே?"

நான்கையும் திருத்தியது. "ஒரே திருத்தத்துல நாலு வேலையா? தனித்தனியா அனுப்பு."

அனுப்பியது. "இப்படிப் பொடிப்பொடியா அனுப்பி உயிரை வாங்காதே."

"ஐயா, வீட்டுக்குள்ள தண்ணி வருதுய்யா. பிள்ளைங்க முங்கிடும்."

"கேக்கவே வருத்தமா இருக்கும்மா. ஆனா அதை நீ விளக்கக் குறிப்புல எழுதலையே?"

அன்றைக்கும் தண்ணீர் வந்தது. சின்னக் குட்டி இருமிக்கொண்டே கிடந்தது. கோமளவல்லி சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தது.

மேலே இருந்ததைக் கீழே போட்டது. கீழே இருந்ததை மேலே போட்டது. பெயர்களையெல்லாம் மாற்றியது. தெரிந்ததும் தெரியாததுமாக ஒன்பதாயிரம் வரி. அதன் வயிற்றுக்குள் தன் ஒற்றை வரியைச் செருகி, 'மதகு: முழுச் சீரமைப்பு' என்று தலைப்பிட்டு அனுப்பியது.

ஆமை முதல் பக்கம் பார்த்தார். கடைசிப் பக்கம் பார்த்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து வெளியே நீட்டினார். "அபாரமான உழைப்பு! சேத்தாச்சு."

வளை காய்ந்தது. குட்டியின் இருமலும் நின்றது. ஒன்பதாயிரம் வரி எழுதிய மேதையைச் சும்மா விடுவார்களா? கோமளவல்லியையும் திருத்தம் சரிபார்க்கும் பதவியில் உட்கார்த்தி வைத்தார்கள்.

அடுத்த மாதம் பரிமளா என்ற முயல் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. "அக்கா, வடக்கு மதகு தானா தொறந்துக்குது. எங்க வீடு போச்சு. ஒரு வரி விட்டுப்போயிருக்கு, நான் எழுதிட்டு வந்திருக்கேன்."

கோமளவல்லி பார்த்தது. திருத்தம் சரிதான். அந்த வரி யாருடைய ஒன்பதாயிரத்தில் விட்டுப்போனது என்பதும் தெரிந்தது. உடம்பு கூசியது. முதுகு முள்ளெல்லாம் மெல்லப் படுத்துக்கொண்டன. ஆனாலும் ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, பாவம், அது என்ன செய்யும்?

"வரி முடியுற இடத்துல ஒரு இடைவெளி அதிகமா விழுந்திருக்கே, பரிமளா. சரிபண்ணிட்டு அடுத்த வாரம் அனுப்பேன்."

நீதி: ஓட்டையை அடைக்க ஒரு வரி போதும். அதை ஒளித்து வைக்கத்தான் மீதி எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரிகள்.