வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள்

அக்காவையும் அத்தானையும் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்ட ஜான்சனின் டாக்சி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிவிட்டதாகச் செல்போனில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டியது. புதுப்பட்டினம் வீட்டு ஹாலில் நின்ற ஜெபகுமார் அந்தப் புள்ளியையும் மனைவி ரூத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது அதிக ஆபத்து என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கடற்கரைச் சாலைக்குத் தீம் பார்க் பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே விளையாடலாம் என்று இணையத்தில் தேடி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஜெபகுமாரின் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மூன்றுக்கும் ஒரே விலாசம்தான், ஜெபகுமார். நாகர்கோவில் ஜெசிந்தா அக்காவும் செல்வராஜ் அத்தானும் போன மே மாதம் நான்கு நாள் என்று வந்து பதினோரு நாள் இருந்தார்கள்.

"இந்தத் தடவை அவங்க உள்ள வந்தா, நான் வெளிய," என்றாள் ரூத். "எங்கம்மா வீட்டுக்கு. நான் வேலை பாக்குற ஸ்கூல் திறக்கிற வரைக்கும்."

அக்காவிடம் வராதே என்று சொல்ல முடியுமா? அம்மா போன பிறகு ஜெபகுமாரைப் படிக்கவைத்து, அணு ஆராய்ச்சி வேலைக்கு அனுப்பியவள் அவள். தவிர, காபித்தூள் தீர்ந்துவிட்டது என்று சொன்ன சித்தி மகனோடு ஒன்பது வருடமாகப் பேசாதவள். ஜெபகுமாருக்கு அக்காவும் வேண்டும், ரூத்தும் வேண்டும். விஞ்ஞானி அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு போன் போட்டார்.

"அக்கா, வீட்ல பெயின்ட் அடிக்காங்க. திடீர்னு வந்துட்டாங்க. கோவளத்துக்கிட்ட நல்ல ரிசார்ட்ல உங்களுக்கு ரூம் போட்டுருக்கேன்."

"உனக்கு வீசிங் உண்டுல்லா? அந்த மணத்துல எப்படிக் கிடப்ப?" என்றாள் அக்கா. "நீயும் ரூத்தும் கிளம்பி ரிசார்ட்டுக்கு வாங்க. எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

இப்படியாக, நல்ல நிலைமையில் இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அரைமணி நேரத் தூரத்தில் ஜெபகுமார் தம்பதி சுற்றுலாப் பயணிகள் ஆனார்கள். ரூத் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அதற்குக் கட்டிய பெட்டியோடு ரிசார்ட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை ரிசார்ட்டின் நாற்பது வகை உணவு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிவந்த அத்தான் வயிற்றைத் தடவினார். "ஹோட்டல் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுடே. ரூத் கையால ஆப்பம் கிடைக்குமா?"

"வீட்லதான் பெயின்ட் அடிக்காங்களே, அத்தான்."

"அடுக்களையிலயுமா?"

அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்லி ஜெபகுமாருக்குப் பழக்கமில்லை. "அடுக்களை கடைசியிலதான்," என்று உளறினார். அதன் பலனாக அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு ரூத் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய், ஆப்பம் சுட்டு, கடலைக் கறி வைத்து, தூக்குவாளியோடு கடல் பார்த்த அறைக்குத் திரும்பினாள். அவள் ஜெபகுமாரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுவது நாகரிகம்.

அன்றைக்குத் தண்ணீர் விளையாட்டு. நைலான் உடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஜெபகுமார் பூப்போட்ட வாடகை டிரவுசரில் சறுக்கிக்கொண்டு வந்து, சொந்த ஆபீஸ் பரணிதரனின் காலடியில் விழுந்தார்.

"நம்ம தம்பி வீட்ல பெயின்ட் வேல நடக்கு," என்று அக்கா அறிமுகத்தோடு சேர்த்துச் சொன்னாள்.

"அப்படியா? காலைல அந்தப் பக்கமாத்தான் வந்தேன். பூட்டியிருந்துதே?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "அப்ப நாளைக்கு வீட்டையும் பார்த்துட்டே ரயில் ஏறுதோம். என்ன கலர்னு பார்க்கணும்லா."

சொட்டச் சொட்ட நனைந்த ஜெபகுமார் லாக்கரிலிருந்து போனை எடுத்து, திருப்போரூர் பெயின்டர் ராமதாஸைப் பிடித்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஹாலை முடிக்கணும். இன்னொரு சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு."

"இன்னா கலரு சார்?"

"கைல எது இருக்கோ அது."

கையில் இருந்தது ஒரு கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய கத்தரிப்பூ நிறம். மறுநாள் அவர்கள் போய் நின்றபோது மூன்று சுவரும், பாதி சோபாவும் அந்த நிறத்துக்கு மாறியிருந்தன. ரூத் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குல," என்றாள் அக்கா.

அன்று மாலை செங்கல்பட்டு ஸ்டேஷனில் அக்கா அவர் கன்னத்தைத் தடவி, "எங்களால நீ ரொம்பச் சிரமப்பட்டுட்டடே," என்றாள். ஜெபகுமாருக்கு, வளர்த்தவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ரயில் போன பிறகு டாக்சியில் ஏறினார்.

"பாவம் ஜான்சன், எங்க அக்கா. வெள்ளந்தி. ஒண்ணும் தெரியாது."

ஜான்சன் கியரை மாற்றினான். "அன்னிக்கு இங்க ஏறிக் குந்தினதுமே, 'மெதுவா போப்பா, தம்பி போன் பண்ணுவான், ரூட்டு மாறும்'னாங்க சார், உங்க அத்தான் நீங்க சொல்ற சாக்கு தண்ணி மோட்டார் ரிப்பேருன்னு பந்தயம் கட்னாரு, பெயின்ட்டுன்னு சொன்ன அக்காதான் ஜெயிச்சாங்க."