இருநூற்றுப் பதினான்கு முரசுகளின் போர்

வாழ்க எம் தலைவன்! வார நாள்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, விடுமுறை நாள்களில் வையத்தை இசையால் ஆளவிருக்கும் மாடியறை வேந்தன்; இருசெவி மூடும் ஹெட்ஃபோனே மணிமுடியெனத் தரித்தோன்; தொடங்கிய பாட்டுகள் நாற்பத்தொன்று, முடித்தது ஒன்றுமில்லை என்னும் அரும்புகழுக்கு உரியோன்! அன்னவன் அருஞ்சமர் புரிந்த சனிக்கிழமையின் சரிதையைக் கேளீர்!

மூன்று திங்களுக்கு முன், அக்காள் மகளின் பள்ளி விழா நடனத்துக்கு மூன்று நிமிடப் பாட்டொன்று தருவதாக வாக்களித்தான். "தினம் ஒரு மணி நேரம்! இது சத்தியம்!" என்று வீடதிர முழங்கி, முதல் வாரத்திலேயே எட்டு வினாடி இசை சமைத்து அக்காளுக்கு மாதிரியும் அனுப்பினான். அதன்பின் இலக்கு அட்டவணை என்னும் பெரும்பணி குறுக்கிட்டது. ஆறு வண்ணத்தில் அதை வரைந்ததில் ஒரு மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டதால் மறுபடி வரைந்ததில் இன்னொன்று போயிற்று. மன உறுதி வளர்ப்பது எப்படி என்னும் வீடியோக்களைச் சற்றும் மன உறுதி தளராமல் பார்த்து முடித்ததில் மூன்றாவதும் போயிற்று. பாவம், அவனும் என்னதான் செய்வான்!

அச்சனிக்கிழமைக்கு மறுநாள் விழா. சனி மாலை ஐந்துக்கே அக்காள் வருவாள். பாட்டில்லையேல் எட்டுக் குழந்தைகள் மேடையில் மரமாய் நிற்க, "எங்க மாமா பாட்டு" என்று வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்த மருமகளின் முகம் வாடுமே!

காலை ஒன்பதுக்குக் கதவடைத்துக் களம் புகுந்தான். முதற்கண் வேண்டியது ஒரு டிரம் ஓசை. கணினித்திரையில் இருநூற்றுப் பதினான்கு முரசுகள் அணிவகுத்தன. 'டும்' என்றதைத் தடிமன் என்று சாய்த்தான். 'தும்' என்றதை மெலிவென்று மாய்த்தான். 'டொம்' என்றதை ஒருமுறை மன்னித்து, மறுமுறை கொன்றான். நடுப்பகலில் கீழ்த்தளத்திலிருந்து எழுந்தது அன்னையின் அறைகூவல்: "சாப்பாடு ஆறுதுடா! இன்னுமா டும்மு டும்மு?" அசைந்திலன் வீரன்.

நாலே முக்காலுக்கு, பிணக்குவியல் நடுவே ஒற்றை முரசு எஞ்சி நின்றது. உற்று நோக்கினான். முதல் வாரத்து எட்டு வினாடியில் அவனே போட்டிருந்த அதே முரசு.

கதவு திறந்து அக்காள் நுழைந்தாள்.

"என்னடா, இன்னும் அதையா பண்ணிட்டிருக்க? நீ முதல்ல அனுப்புன எட்டு செகண்டையே இருபத்திரண்டு தடவை ஒட்டிக் குடுத்துட்டேன். பிள்ளைங்க ரெண்டு மாசமா அதுக்குத்தான் ஆடுதுங்க. நாளைக்கு வந்து பிளே பட்டனை மட்டும் அமுக்கிடு, போதும்."

அவ்வுரை செவிப்பட்டதும், அட்டவணை ஆறு வண்ணமும் வெளிறித் தோன்ற, முடித்த பாட்டு ஒன்று என்னும் பெரும்பேறு தன்னைக் கேளாமலே தனக்கு வாய்த்ததை எண்ணி மகிழ்வதா நாணுவதா என்று தெரியாது தத்தளித்து, மாடியறை வேந்தன் தன் மணிமுடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

கீழே போய் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டான்.