ஏழு தலைமுறைப் பெருமை

கணினித் திரை பெயரைக் கேட்டது. பரமநாதன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏழு தலைமுறையா எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் சீனி வருத்தம் இல்லை!" மகளின் கலியாணப் பேச்சில், மாப்பிள்ளையின் தகப்பன் கம்பளை ஸ்ரீஸ்கந்தராசாவிடம் அவர் இப்படி முழங்கி ஒரு மாதம் ஆகவில்லை. அன்று பிடித்ததுதான் இந்தத் தாகம். நாலு செம்பு தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது.

கண்டியில் எந்த டொக்டரிடம் போனாலும் தெரிந்த முகம் இருக்கும். நீரிழிவு ஆய்வுக்கு இணையத்தில் ஆள் சேர்க்கிறார்கள் என்று அறிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. முகம் காட்டத் தேவையில்லை, மானமும் போகாது.

பெயர்: கறுப்பையா. ஊர்: ஹேவாஹெட்ட.

இரத்தம் கொடுக்க மட்டும் ஆய்வு நிலையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. யுத்த காலம். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள் என்பதை அவர் மறந்தே போனார்.

காவலாளி ஹலீம் பட்டியலையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். "லிஸ்ட்ல கறுப்பையா. கார்ட்ல பரமநாதன், யாழ்ப்பாணம். என்ன ஐயா இது?"

"அது... வீட்டில கூப்பிடுற பேர்."

"ஹேவாஹெட்டவும் வீட்டுல கூப்பிடுறதா?"

"அங்க தேயிலைத் தோட்டத்தில கிளார்க்கா இருந்தனான்."

"எந்தத் தோட்டம்?"

பரமநாதன் அட்டையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். ஹலீம் பொலிஸுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார்.

மானமா, சிறை மறியலா? பரமநாதன் மானத்தைக் கைவிட்டார்.

"தம்பி, எனக்குச் சீனி! சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக்கூடாதெண்டு பேரை மாத்தினன்!"

வரிசை முழுவதற்கும் கேட்டது. பின்னால் யாரோ இருமினார். தலையைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு நின்றவர் ஸ்ரீஸ்கந்தராசா!

"நீங்களுமோ?"

"ஓம். எனக்குப் பத்து வருசமா. இங்க நான் தியாகராஜா."

ஹலீம் சிரித்துச் சிரித்தே இருவரையும் உள்ளே விட்டார். விரலில் ஒவ்வொரு துளி இரத்தம் கொடுத்துவிட்டு, ஒரே வாங்குப் பலகையில் இருந்து கலியாணத்துக்கு நாளே குறித்துவிட்டார்கள். "பலகாரத்துக்குச் சீனியைக் குறைப்பம்" என்பதிலும் ஒற்றுமை.

தாதி சந்திரிகா வந்தாள். "கறுப்பையா ஐயா, உங்களுக்குச் சீனி இல்லை. பயத்தில வந்த தாகம். வீட்டுக்குப் போங்க."

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து மப்ளரை இறுக்கினார். "அப்ப சீனி எங்கட பக்கம் மட்டுந்தானோ? ஆயுசுக்கும் உங்களுக்கு முன்னால தலை குனிய எங்களால ஏலாது. சம்பந்தம் வேண்டாம்."

பரமநாதன் தாதிக்குப் பின்னால் ஓடினார்.

"பிள்ளை, இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ! ஏழு தலைமுறையா எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் சீனி!"