ஆய்வறையில் நான் விட்ட மூச்சு

ஓர்ஹூஸ், மார்ச் 9

அன்புள்ள அக்கா எஸ்தருக்கு, தம்பி தோர்கில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் மூச்சைத் தவிர யாவரும் நலம். ரீபேயில் உன் முழங்காலின் நலமறிய ஆவல்.

நவம்பரில் எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளுக்கும் சங்கத்தார் புதுத் தரைப்பலகை போட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து எனக்குக் கண்ணெரிச்சல், வறட்டு இருமல். பலகையிலுள்ள பசைதான் காரணம் என்று மூன்று மனு கொடுத்தேன். சங்கத் தலைவர் ஹால்வர், "வயசாயிடுச்சு தோர்கில், பலகை என்ன பண்ணும்?" என்றார். கடைசியில் என் அறைப் பலகையைப் பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கூடவே என்னையும், ஒப்பிட்டுப் பார்க்க, எந்தக் குறையும் சொல்லாமல் மேல்மாடியில் தனியாக இருக்கும் பியானோ டீச்சர் ரக்னாவையும். அங்கே ஓர் எஃகு அறை. ஒருநாள் சுத்தக் காற்று, ஒருநாள் பலகைக் காற்று. எது எந்நாள் என்று சொல்ல மாட்டார்கள்; மணத்தில் கண்டுபிடிக்காமலிருக்க இரண்டிலும் எலுமிச்சை வாசனை. எரிச்சலுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும், மூச்சின் வலுவை அளக்க அவ்வப்போது குழாயில் ஊத வேண்டும்.

முதல்நாள் கதவு மூடியதுமே எனக்குக் கண்ணீர் கொட்டியது. தொண்ணூற்றைந்து போட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன். பின்னல் வேலையிலிருந்த ரக்னா, "செத்த சும்மா உக்காருங்களேன், கண்ணி தப்புது" என்றாள். மறுநாள் கடற்கரையில் இருப்பதுபோல் இருந்தது. ஹெர்ரிங் மீன் வைத்த ரொட்டி தின்றுவிட்டுத் தூங்கினேன். பூஜ்ஜியம்.

நேற்று முடிவு சொன்னார்கள். முதல்நாள்தான் சுத்தக் காற்றாம். ஹால்வர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன், அதுவும் பலகை. ஆய்வாளர் பெண் தாளைத் திருப்பினாள்.

"ரக்னாம்மா, நீங்க ரெண்டு நாளும் ரெண்டு மார்க்குதான் போட்டிருக்கீங்க. ஆனா ரெண்டாம் நாள் ஊதினது கால்வாசி கொறஞ்சிருக்கு. நெஞ்சு இறுகலையா?"

"இறுகிச்சு. நவம்பர்லேர்ந்தே அப்படித்தான். நாலு பேர் நடுவுல இருமினா நல்லாவா இருக்கும்?"

ஹால்வர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ரக்னாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வீட்டுத் தரையையும் பெயர்க்கப் போகிறார்கள். நாலு மாதமாகக் கட்டடத்துக்கே கேட்கும்படி இருமினேன், அக்கா. தலைக்கு மேலே ஒருத்தி மூச்சுக்குத் திணறியது என் காதில் விழவில்லை.

வேலை ஆறு வாரம் நடக்கும். அதுவரை உன் வீட்டில் தங்குகிறேன். கம்பளத்தைச் சுருட்டிவிடு, பூனையை அடுத்த வீட்டில் விடு. என் உடம்பு தாங்காது. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தம்பி,
தோர்கில்

பி.கு.: உன் வீட்டில் எனக்கு அறை வேண்டாம். ரக்னா தன் அண்ணன் வீட்டுக்கு, ஸாம்ஸோ தீவுக்குப் போகிறாள். துணைக்கு வரச் சொன்னாள். வீடெல்லாம் கம்பளமாம், பூனை மூன்றாம். "உங்களுக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள். எனக்கு எதுவுமே ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருக்கிறேன். நீ யாரிடமும் மாற்றிச் சொல்லாதே.