புது ஆம்ப்ளிஃபயரில் கேட்ட குரல்

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த விருப்பம் இந்த வரியோடு சரி. அடுத்த வரியிலிருந்து நான் கோபமாக இருக்கிறேன்.

வீடு மாறும்போது இடமில்லை என்று உங்கள் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் என் தலையில் கட்டினீர்களே, அவற்றை என் பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். அது இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்து, அப்படியே அணைந்துவிட்டது. கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே வாட்ஸ் அதிகமானதை எடுங்க" என்றேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "வாட்ஸ் கிடக்கட்டும் சார். உங்க ஸ்பீக்கரோட மின்தடை எத்தனை ஓம்? ஹால் எவ்வளவு பெரிசு? என்ன கேப்பீங்க?" என்று விசாரணையே நடத்திவிட்டார். ஸ்பீக்கரின் முதுகில் நாலு ஓம் என்று போட்டிருந்தது, ஹால் சின்னது, கேட்பது பெரும்பாலும் என் மனைவி பாடிய கேசட்டுகள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அப்போ சத்தம் வேணாம், தெளிவு வேணும். நாலு ஓமைத் தாங்குறது இதுதான். ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஊசி விழவில்லை, இடி விழுந்தது. சங்க ஆண்டு விழாவில் உங்கள் அக்கா பாடினாளே, நீங்களும் நானும் முன் வரிசையில் உட்கார்ந்து, நடு நாற்காலியில் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தோமே, அந்தக் கேசட்டைத்தான் முதலில் போட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கூடப் பாடினாள். இரண்டாவது சரணத்தில், பழைய ஆம்ப்ளிஃபயரில் வெறும் இரைச்சலாகக் கேட்ட இடத்தில், தெள்ளத்தெளிவாக ஓர் ஆண் குரல்: "ஐயோ, இன்னும் முடிக்கலையா? பசி உயிர் போகுது!" அவள் கையில் கத்தி நின்றது. "யாரு அது?" என்றாள். "வேற யாரு, உன் தம்பிதான்" என்றேன். காயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் இந்த வருஷ விழாவில் பாட ஒப்புக்கொண்டவள், இனி மேடையே ஏற மாட்டேன் என்கிறாள். எனக்கு மனசே ஆறவில்லை.

என்ன குரல் ஐயா அது! மூக்கால் பேசி, அசட்டுத்தனமாக இழுத்து, நல்ல குடும்பத்தில் பிறந்தவன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவள் பாடாமல் போனால் அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.

மூத்தவன் என்ற முறையில், நீண்ட ஆயுளோடும் அடக்கமான வாயோடும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அதிர்ச்சி இன்னும் நீங்காத
உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அது அவன் குரல் இல்லீங்க. உங்க குரல். நீங்களா ஒத்துக்குவீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ரெக்கார்டரை எடுத்து வைத்து, அதே வார்த்தைகளை என்னைச் சொல்ல வைத்து, புது ஆம்ப்ளிஃபயரில் போட்டாள். அதே மூக்கு, அதே இழுவை. என் குரல் இப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே! ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் பாடுகிறாளாம். எனக்கு அவள் போட்ட தண்டனை: முன் வரிசையில் நான், கடைசிச் சரணம் வரைக்கும், வெறும் வயிற்றோடு. மன்னிப்புக் கேட்க நீங்கள் வர வேண்டாம். துணைக்கு வாருங்கள்.