உலைப்பக்கத்து எண்ணெய்

வேலப்பன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இஞ்சினுக்குச் சரியான எண்ணெய் கிடைக்கிறவரைக்கும் எவனிடத்திலும் போய்க் கைகட்டி வேலை பார்ப்பதில்லை. கிடைத்த மறுநாளே திருவொற்றியூர் தேரடியில் புறப்பட்டு, ராயபுரம் வரைக்கும் ஆரன் அடித்துக்கொண்டு சொந்தக் காரில் போவது.

இதை அவன் வீட்டுக்குள் நின்று அறிவித்தபோது கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் அவன் பெண்சாதி சொக்கம்மாள் பாத்திரம் வைத்திருந்தாள். மூன்றாவது பாத்திரத்தில் வேலப்பன் இஞ்சின் எண்ணெய் வடித்து வைத்திருந்தான். அதனால் அந்த இடத்தில் மட்டும் மழை தரையிலேயே பெய்தது.

அந்தக் கார் வந்த கதை இதுதான். ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், இருந்த ஒரு துரை, சீமையிலிருந்து மரப்பெட்டிகளில் ஒரு காரைத் துண்டு துண்டாக வரவழைத்தான். சட்டம், தகடு, சக்கரம், எப்படிப் பூட்டுவது என்று ஒரு புத்தகம். பூட்டுவதற்குள் அவனுக்கு ஊருக்குப் போகும் நாள் வந்துவிட்டது. பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. அப்போது ஆர்பர் பட்டறையில் ஃபிட்டராக இருந்த வேலப்பன் எடுத்துவிட்டான். பிறகுதான் பார்த்தான், பெட்டிகளில் எல்லாம் இருந்தது, இஞ்சின் மட்டும் இல்லை. யுத்தத்தில் ஓடி ஓய்ந்த ஒரு மோட்டார் சைக்கிளின் இஞ்சினைத் தேடிப் பிடித்து உள்ளே உட்கார வைத்தான். வைத்த வாரமே பட்டறையில் ஆள் குறைத்தார்கள். குறைத்த ஆட்களில் அவனும் ஒருத்தன்.

நாலு மாதமாகிவிட்டது. சொக்கம்மாள் கடலோரக் கொட்டாயில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்றரை வயசுப் பெண் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. வேலப்பனுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை.

முதலில் முப்பதாம் நம்பர் எண்ணெய் ஊற்றினான். சூட்டில் அது தண்ணீராக இளகி, இஞ்சின் கடகடவென்று பல்லைக் கடித்தது. அடுத்து ஐம்பதாம் நம்பர். மழைக் குளிரில் அது பாகாக உறைந்து, உதைத்துக் கிளப்பப் போனவனைத் திருப்பி உதைத்தது. நாலு நாள் நொண்டினான். சோழவரம் கார்ப் பந்தயத்தில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று யாரோ சொல்ல, குழந்தைக்கென்று வைத்திருந்த புட்டியை எடுத்தான்.

"அது புள்ளைக்கு வச்சதுய்யா!"

"ரேஸ் வண்டிக்கே இதாம்மே ஊத்துறான்!"

"அதைக் குடிச்சா புள்ளைக்கே நிக்காது. உன் வண்டி எங்க நிக்கும்?"

வண்டி நன்றாகவே நின்றது. அடியில் மிச்சமிருந்த பழைய எண்ணெயோடு விளக்கெண்ணெய் சேர்ந்து கோந்தாகிவிட்டது. அதைச் சுரண்டிக் கழுவ வீட்டிலிருந்த மண்ணெண்ணெய் முழுக்கப் போயிற்று. மூன்று நாள் அந்த வீட்டில் விளக்கு இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் புதுசாக ஒரு எண்ணெயைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினான்.

"ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பாரு. வழவழப்பு எப்படி கீது?"

அவள் கையைக் காட்டினாள். இறால் முள் குத்திக் குத்தி விரலெல்லாம் வீங்கி வெடித்திருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. வேலப்பன் அதைப் பார்த்தான். சட்டென்று எண்ணெய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எண்ணூராண்ட புச்சா இரும்பு உருக்குற கம்பெனி தொறந்துகீறாங்களாம்," என்றாள் அவள். "ஃபிட்டரு வேணுமாம். திங்கக்கெழம வரைக்கும்தான் ஆள் எடுப்பாங்களாம்."

"நான் காரு பண்றவன். என்னைப் போய்க் கம்பெனிக்குப் போங்கிறியே?"

எப்போதும் இந்த இடத்தில் அவள் அழுவாள். அன்றைக்கு அழவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஏய்யா, அந்த இஞ்சினு ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று கேட்டாள்.

நாலு மாதத்தில் இஞ்சினைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி! வேலப்பனுக்கு முகமெல்லாம் பல்.

"கேளு சொல்றேன். மோட்டார் சைக்கிள்ல அதும் மூஞ்சிலயே காத்து அடிக்கும். நாம பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டோம். காத்து எப்படி வரும்? அப்ப அந்தச் சூட்டையும் எண்ணெய்தான் தாங்கணும். கொதிக்கிற எடத்துலயே கெடந்து பழகின எண்ணெயா இருக்கணும். புரிதா?"

"புரிது," என்றாள் சொக்கம்மாள்.

மறுநாள் லாரி ஷெட் மெக்கானிக் அத்தாவுல்லா பாய் மழையில் நனைந்துகொண்டே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பெருமூச்சு விட்டார்.

"நைனா, உனக்கு ஏத்த எண்ணெய் ஒண்ணு கீது. ஆனா கெடைக்காது."

"எங்க கீது பாய்? சொல்லு!"

"எண்ணூரு கம்பெனில. இரும்பு உருக்குற ஒலைக்குப் பக்கத்துலயே ராவும் பகலும் ஓடுற கிரேனுக்கு ஊத்துறதாம். நெருப்புக்குப் பக்கத்துலயே வச்சாலும் இளகாதாம்."

"ஒரு டின்னு வாங்கிக் குடேன்!"

"வெளியாளு ஸ்டோர் வாசப்படி மிதிக்க முடியாது. உள்ள பேர் பதிஞ்ச ஃபிட்டருக்குன்னா ஒரு டின்னு குடுப்பாங்களாம். உனக்குத்தான் கம்பெனின்னா ஆவாதே. வுடு." அவர் போய்விட்டார்.

வேலப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"எங்கய்யா கெளம்பிட்டே?"

"எண்ணூருக்கு. பேரைப் பதியறேன், எண்ணெயை வாங்குறேன், மறுநாளு வேலையைத் தூக்கிக் கடாசிட்டு வரேன். உனக்கு இந்த மூளை வருமா?"

"எனக்கு எங்கேர்ந்து வரும்?" என்றாள் அவள்.

பேர் பதிந்தார்கள். நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். மத்தியானம் சங்கு ஊதியதும் வேலப்பன் ஒரே ஓட்டமாக ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்காரர் ரகுபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கிரேன் எண்ணெயா? எந்தக் கிரேனு?"

"ஒலைக்குப் பக்கத்துல ராவும் பகலும் ஓடுதே, அது."

ரகுபதி அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். உத்தரத்திலிருந்து ஒரு சங்கிலி தொங்கியது. நாலு பேர் 'ஏலேலோ' என்று கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதான் கிரேனு. இவங்களுக்கு எண்ணெய் தடவணும்னா ஞாயித்துக்கெழம வீட்டுல தடவிப்பாங்க."

சாயங்காலம் வேலப்பன் புயலாக வீட்டுக்குள் நுழைந்தான். "பாய் என்னை ஏமாத்திட்டாம்மே! அங்க எண்ணெயே இல்ல!"

"பாய் மேல ஏன் பாயுறே? நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"நீயா?"

"அங்க எண்ணெய் கீதா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. வேலை கீதுன்னு தெரியும்."

வேலப்பன் பித்தளை வில்லையைத் தரையில் வீசினான். "இன்னாமே நெனச்சுகினே? நாளைக்கு நான் போவ மாட்டேன்!"

"போவாம? எறா கொட்டாயில இனிமே வர மாட்டேன்னு காலையிலயே சொல்லிட்டு வந்துட்டேன். என் எடத்துக்கு வேற ஆளையும் வச்சுட்டாங்க."

கூரை சொட்டியது. குழந்தை இருமியது. வேலப்பன் குனிந்து வில்லையைப் பொறுக்கினான்.

"அப்ப... இஞ்சினுக்கு இன்னாத்தைத்தான் ஊத்துறது?" என்றான், அழாத குறையாக.

"அது கெடக்கட்டும். நாளைக்கு உன் தூக்குச் சட்டில கொழம்பு ஊத்தட்டா, மோர் ஊத்தட்டா? அதைச் சொல்லு."

"கொழம்பு," என்றான் வேலப்பன்.